தாளிப்பில்லாத நாட்கள்

என் மனைவியின் எடை நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் புனேயில் கேஸ் சிலிண்டருக்குத் தட்டுப்பாடு வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ போர். கப்பல்கள் வரும் வழி அடைபட்டுவிட்டது என்று டீவியில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். சிவப்பு அம்பும் நீல அம்புமாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த அம்புகளைப் பற்றிக் கவலையில்லை. சமையலறையில் ஒரு சிலிண்டர் பாதியில் இருந்தது. பால்கனியில் இருந்த இன்னொன்று காலி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் அதைப் பதிவு செய்ய மறந்து போயிருந்தேன்.

அவளுக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ நடந்துகொண்டிருந்தது. பாதி ஊசிகள் ஆகியிருந்தன, பாதி பாக்கி. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் எடை பார்ப்பார்கள். எடை மிகவும் குறைந்திருந்தால் உடம்பு தாங்காது, ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சாப்பாட்டுக்கும் விதிகள் உண்டு. வெளியே வாங்கியது கூடாது, மீந்தது கூடாது. அப்போதே சமைத்து ஆவி பறக்கக் கொடுக்க வேண்டும். தண்ணீர்கூடக் கொதிக்க வைத்ததுதான். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவளுடைய அக்கா மதுரையிலிருந்து வந்து இருக்கிறேன் என்று சொன்னார். அவருக்கே முட்டி வலி, மாடிப்படி ஏற முடியாது. கேம்ப் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய குடியிருப்புச் சொசைட்டியில் லிப்ட் என்ற பேச்சே எழுந்ததில்லை. ஆகவே அடுப்படி என் பொறுப்புக்கு வந்தது. வங்கியில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன், வேறு என்ன வேலை எனக்கு.

சமையலில் எனக்கு முதலில் கைவந்தது தாளிப்பு. குழம்பு நீர்த்துப் போகும், பொரியல் அடிப்பிடிக்கும். ஆனால் தாளிப்பு மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. மதுரையிலிருந்து அவள் அக்கா அனுப்பியிருந்த வெங்காய வடகம், கடுகு, கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை, நல்லெண்ணெய். வீடே மணக்கும். மூக்குக்குப் பசி எடுத்தால்தான் வயிற்றுக்குப் பசி எடுக்கும் என்பது என் கொள்கை. ரசத்துக்குத் தாளிப்பு, பருப்புக்குத் தாளிப்பு, கடைசியில் கஞ்சிக்குக்கூடத் தாளித்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடுவாள். பிறகு தட்டை நகர்த்திவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு, வயிறுதான் நெறஞ்சிருச்சு" என்பாள். பசி போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த வேளைக்கு இன்னும் கொஞ்சம் பெருங்காயம் கூட்டுவேன்.

இதற்கிடையில்தான் போர் வந்து நின்றது. ஒரு சிலிண்டர் வந்து இத்தனை நாள் கழிந்தால்தான் அடுத்ததைப் பதிவு செய்யலாம் என்று கட்டுப்பாடு. பதிவு செய்தாலும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலி சிலிண்டரை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கேஸ் ஏஜென்சிக்குப் போனேன். வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் வீட்டில் இரட்டைக் குழந்தைகள் என்றாள். முன்னால் நின்றவர் அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம் என்றார். ஆளுக்கொரு காரணம், ஒன்றும் பொய் இல்லை. கவுண்டரில் இருந்தவர் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். போனில் மெசேஜ் வரும், வந்ததும் சிலிண்டர் வரும்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஊரின் மறுகோடியில் மகர்பட்டாவில் அடுக்குமாடியில் இருக்கிறார். அங்கே குழாயிலேயே கேஸ் வருகிறது. "சார், மூணு வேளையும் நாங்களே சமைச்சு அனுப்பறோம்" என்று அவரும் அவர் மனைவியும் மாறி மாறிப் போன் செய்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், சொன்னால் செய்வார்கள். ஆனால் அங்கிருந்து டிராபிக்கில் டப்பா வந்து சேர்வதற்குள் சோறு ஆறிவிடும். டாக்டர் ஆவி பறக்க என்று சொல்லியிருந்தார். நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

கேம்ப்பில் கடை கடையாக ஏறி ஒரு மின்சார அடுப்பு வாங்கினேன். கடையில் இருந்த கடைசி ஒன்று அதுதான். அப்போது எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆனால் எங்கள் சொசைட்டியில் எல்லோருமே அந்த வாரத்தில்தான் மின்சார அடுப்பு வாங்கியிருக்கிறார்கள். ஒரு காலைப்பொழுதில் எல்லா வீட்டிலும் ஒன்றாகப் போட்டதும், கீழே மெயின் போர்டில் டப்பென்று சத்தம் கேட்டு, இங்கே விங் என்று சொல்லும் மூன்று கட்டடங்களும் இருண்டன. வயரிங் எங்களைவிடப் பழையது. அதைச் சரிசெய்யும்வரை யாரும் மின்சார அடுப்பைப் போடக் கூடாது என்று சொசைட்டிச் செயலாளர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அடுப்பை அட்டைப்பெட்டியிலேயே திரும்பக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனி இந்த வீட்டில் நெருப்பு எனக்கில்லை, அவளுக்கு மட்டும்தான். காலையில் அவல் நனைத்துத் தயிரும் வேர்க்கடலையும் போட்டுச் சாப்பிட்டேன். மத்தியானமும் அதுதான். ராத்திரி பாவ் ரொட்டியும் வாழைப்பழமும். பச்சைத் தண்ணீரில் குளித்தேன். பிறந்ததிலிருந்து குடித்த காபியை நிறுத்தினேன். முதல் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. போரை நடத்துகிறவர்களை அன்று நான் திட்டிய திட்டு அச்சில் ஏறாது. மறுநாளும் காபி போடவில்லை. என்ன ஆனாலும் அவளுக்கு மூன்று வேளையும் சூடாகப் போவது நிற்கக் கூடாது என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது.

தினமும் காலையில் ஈரத்துணியால் சிலிண்டரை ஒரு துடை துடைப்பேன். மேல்பாதி சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே கேஸ் இருக்கும் உயரம்வரை ஈரம் நிற்கும். அந்தக் கோடு நாளுக்கு நாள் கீழே வந்தது. அதற்குப் பிறகு அவளைக் குளியலறைத் தராசில் நிற்க வைப்பேன். அந்த முள்ளும் கீழேதான் வந்தது.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பாப் போயிருச்சு" என்று தன்னைத்தானே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏ இவளே, உனக்காகத்தானே நான் காபிகூடக் குடிக்காம கெடக்கேன், இன்னும் ரெண்டு வாய் தின்னா என்ன" என்று கத்தினேன்.

"யாரு குடிக்க வேணாம்னது?" என்றாள். வீட்டுக்குள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் சண்டைக்குச் சாட்சி கிடையாது.

அடுத்த ஊசிக்கு ஒரு வாரம் இருந்தது. தராசு முள் நாற்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அன்று மத்தியானத்துக்கு அரிசியும் பாசிப்பருப்பும் ஊறவைத்துக் குழைவாகக் குக்கரில் வைத்தேன். பக்கத்தில் இரும்புக் கரண்டியில் தாளிப்புச் சாமான்கள் தயாராக இருந்தன. குக்கர் ஒரு விசில் கொடுத்தது. அத்தோடு அடுப்பின் நீலம் சுருங்கி, மஞ்சளாகி, ஒரு தடவை துடித்து அணைந்தது. சிலிண்டரைப் பிடித்து ஆட்டினேன், சாய்த்தேன். தீர்ந்தது தீர்ந்ததுதான்.

அரைவேக்காட்டுச் சோற்றோடு குக்கர் சூடாக உட்கார்ந்திருந்தது. ஏஜென்சிக்கு ஓடி, கையைக் காலைப் பிடித்தாவது ஒன்று வாங்கிவந்து வேக வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அதுவரை சூடு போகக் கூடாது. அலமாரிக்கு மேலே கோதடி இருந்தது. பழைய புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நெருக்கமாகத் தைக்கும் கனத்த போர்வைக்கு இங்கே அதுதான் பெயர். அவளுடைய கிழிந்த சுங்குடிப் புடவைகளைக் கொடுத்துத் தைக்கச் சொன்னது. நாங்கள் அதைப் போர்த்திக்கொண்டதே இல்லை. டிசம்பர் குளிரில் இட்லி மாவு பொங்காது என்பதால் மாவுப் பானைக்குச் சுற்றிவைக்கவே அது பயன்பட்டது. குக்கரை ஒரு சுத்தமான துண்டில் சுற்றி, அதன் மேல் கோதடியை இறுக்கிச் சுற்றி, மேடையில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

சிலிண்டர் கிடைக்கவில்லை. வரிசையில் நின்று, கெஞ்சி, சண்டை போட்டு, மெசேஜ் வரும் என்ற பதிலையே மறுபடி வாங்கிக்கொண்டு வந்தேன். மாடிப்படி ஏறும்போது, அவள் வயிற்றுக்கு என்ன சொல்வது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. கதவைத் திறந்தேன். கட்டிலில் அவள் இல்லை.

சமையலறையில் இருந்தாள். ஊசி ஆரம்பித்ததிலிருந்து அவள் அந்தப் பக்கமே வந்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, கோதடியைப் பிரித்து, குக்கரிலிருந்தே ஒரு கிண்ணத்தில் போட்டு, கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது. சோறும் பருப்பும் குழைந்து ஒன்றாகியிருந்தன.

"அது வேகலையே" என்றேன்.

"தொறந்து பாத்தேன். நல்லா மசிஞ்சு கெடக்கு. கை வைக்க முடியல, அம்புட்டுச் சூடு."

"இன்னும் தாளிக்கவே இல்லையே."

அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தாள். "தாளிக்கலைல்ல. அதான் சாப்புடுறேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். "கடுகு வெடிச்சு பெருங்காய வாட வந்தாலே வயித்தப் பொரட்டுதுங்க. ஊசி போட ஆரம்பிச்சதுலருந்தே அப்பிடித்தான். நீங்க வடகம் போட்டுத் தாளிக்கிற அன்னைக்குத் தலகாணிய மூக்குல வச்சு அமுத்திக்கிட்டுப் படுத்துருப்பேன். தட்டு வரும்போதே தொண்டை அடச்சுப் போகும்."

"சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"கொழுக்கட்டை இருந்துருந்தா அதையாவது முழுங்கிருப்பேன்" என்றாள். பிறகு, "உங்களுக்கு அது ஒண்ணுதான் நல்லா வந்துச்சு. அதையும் வேணாம்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வாரமாக நான் மணக்க மணக்கச் சமைத்ததுதான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறது. கோபம் யார் மேல் என்று தெரியாமல் தாளிப்புக் கரண்டியை எடுத்து, கடுகும் வடகமுமாகக் குப்பைக்கூடையில் கொட்டினேன். பிறகு அழுகை வந்தது. அவள் பார்க்கட்டும் என்றே அழுதேன். அவள் எழுந்து குக்கரில் இருந்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

வழி தெரிந்துவிட்டது. இனி வேண்டியது கொஞ்சம் நெருப்பு, ஒரு விசில் அளவுக்கு மட்டும். கீழ் வீட்டு மராத்தி அம்மாவை விங் முழுவதும் காக்கூ, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். அவரும் அவர் கணவரும் மட்டும்தான், சிலிண்டரில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். தெற்கத்தி ஆண்கள் எல்லோருமே அவருக்கு அண்ணாதான். "கொண்டு வாங்க அண்ணா, ஒரு விசில்தானே" என்று இந்தியில் சொன்னார். அடுத்து நான் சோற்றுக் குக்கரைக் கோதடியில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "மனுஷர்கள் படுக்கிறதிலா சோறு வைப்பீர்கள்" என்று முகம் சுளித்தார். இதில் மாவைத் தவிர யாரும் படுத்ததில்லை என்று விளக்கினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் என் மனைவிக்குக் குடிக்கும் தண்ணீரையும் தானே கொதிக்க வைத்துத் தந்தார்.

அதன் பிறகு தினமும் மூன்று வேளை நான் மாடிப்படி ஏறி இறங்கினேன். போகும்போது கையில் குக்கர், வரும்போது மார்போடு அணைத்துப் பிடித்த கோதடி மூட்டை. கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். இந்த வீட்டில் அப்படி ஒன்றை நான் தூக்கி ஏறியதில்லை. அவருக்கு அது தெரியாது. மூட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சமையலறை மேற்பார்வை அவள் கைக்குப் போனது. வாடை இல்லாததால் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். முப்பது வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவள். அரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், தண்ணீர் எவ்வளவு, மூட்டையை எப்போது பிரிக்கலாம், எல்லாம் அவள் உத்தரவு. துவரம்பருப்பு மசியவில்லை, அதைக் கைவிட்டோம். பாசிப்பருப்பு வெண்ணெயாக வெந்தது. பூசணி, ரவைக் கஞ்சி, இஞ்சி தட்டிப்போட்ட பொங்கல் எல்லாம் வந்தன. அவள் வைத்த சட்டம் ஒன்றுதான். மூட்டையைப் பிரித்ததும் ஆவி மூஞ்சியில் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அது எனக்கு, அவளுக்குக் கிடையாது. அப்படி எனக்கு வந்தது இரண்டொரு தடவைதான். சுடுசோற்றைப் பார்த்து நாளாகியிருந்ததால் அதையும் ருசித்தே சாப்பிட்டேன்.

நாலாவது நாள் காக்கூ தன் வீட்டுக் கோதடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பருப்பை எப்படிச் சுற்றுவது என்று கேட்டார். மனுஷர்கள் படுக்கிறதிலா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒரு விசில் நெருப்பு கொடுத்தவராயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். அவர் சிலிண்டரும் சில நாள் கூடுதலாக ஓடியது.

ஊசி நாள் வந்தது. ஆஸ்பத்திரித் தராசில் ஏறுவதற்கு முன்னால் அவள் செருப்பைக் கழற்றினாள். "போட்டுக்கிட்டே நில்லு" என்று காதில் சொன்னேன். கணக்கு டீச்சர், கேட்கவா போகிறாள். வெறுங்காலோடு ஏறினாள். எண்கள் ஓடி நின்றபோது நான் சுவரில் இருந்த கை கழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாற்பத்தாறு" என்று நர்ஸ் சொன்னது கேட்டது. மறுபடி சொல்லச் சொன்னேன். அவள் கையில் ஊசி ஏற ஆரம்பித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. அந்த மருந்து அவள் முடியைக் கொண்டுபோனது, நாக்கின் ருசியைக் கொண்டுபோனது. அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து நான் மனதாரக் கும்பிட்டேன்.

மிச்ச ஊசிகளும் ஒன்றுகூடத் தள்ளிப்போகாமல் முடிந்தன. நடுவில் மெசேஜ் வந்தது, சிலிண்டரும் வந்தது. டெலிவரிக்காரர் அதைத் தோளில் வைத்து மாடி ஏறியபோது விங்கில் எல்லாக் கதவுகளும் திறந்து பார்த்தன. காக்கூவுக்குப் பட்ட கடனை அவர் சிலிண்டர் தீர்ந்த வாரத்தில் எங்கள் அடுப்பில் தீர்த்தோம். கேஸ் வந்த பிறகும் நான் தாளிக்கவில்லை. வெங்காய வடகம் இருந்த டப்பாவை டேப் ஒட்டி மேல் தட்டில் வைத்துவிட்டேன். பெருங்காயத்தைக் காக்கூவிடமே கொடுத்துவிட்டேன். தாளிக்காத ரசம் எனக்குப் பழகவே இல்லை. ஆனாலும் குடித்தேன்.

அவளுக்குத் தலையில் முடி கறுப்பாக முளைக்க ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். நுரை கட்டி வந்தது. பின்னால் இருந்து குரல் வந்தது.

"இன்னைக்குத் தாளிங்க."

திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றேன்.

"தாளிங்கன்னு சொல்றேன்ல. வடகமும் போடுங்க."

ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தேன். மேல் தட்டிலிருந்து டப்பாவை இறக்கி டேப்பைப் பிரித்தேன். இரும்புக் கரண்டியில் எண்ணெய் ஊற்றினேன். கடுகு வெடித்தது, வடகம் சிவந்தது, வாசனை கிளம்பியது. நான் கரண்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிவிடுவாள், வாயைப் பொத்திக்கொள்வாள், இதோ இப்போது என்று காத்திருந்தேன். அவள் நிலைப்படியில் சாய்ந்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். அங்கேயே நின்றாள்.

"என்னையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. கடுகு கருகுது, அடுப்ப அணைங்க" என்றாள். "கேஸ் என்ன உங்கப்பா வீட்டுலருந்தா வருது?"

கருகிய தாளிப்பையே ரசத்தில் கொட்டினேன். இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.